மூன்றாவது கியர் நிற்கவில்லை

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஐறீனுக்குக் களைப்பாக இருந்தது. படுத்து எழும்பியவளுக்கு என்ன களைப்பு என்று கேட்பவர்கள், மூன்று நாளாக ஒரு மோட்டார் சைக்கிளை வீட்டு முன் ஒடுங்கிய ஒழுங்கையின் இறக்கத்தில் தள்ளிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

போன வாரம் விட்ட இடத்தை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்தில் சாமான் கணக்கெடுக்கும் கிளாக்கராக இருந்த நிக்கலஸ், ஆவணி மழையில் கப்பல் ஏணியில் கால் வழுக்கி விழுந்தான். வலது கணுக்கால் இரும்புபோல் இறுகிவிட்டது. கப்பல் ஏற முடியாதவனுக்குக் கப்பல் வேலை ஏது? ஆறு மாதமாக வேலை இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் இருக்கும் தன் வீட்டுப் பின் அறைக்கு வந்துவிடும்படி ஐறீனின் தமையன் சவுந்தரநாயகம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் இந்த வேலை வந்தது. இரத்மலானையில் விமானத்தில் வந்து இறங்கும் பார்சல்களைக் கோட்டையில் உள்ள கம்பனிக் கந்தோர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். சொந்த மோட்டார் சைக்கிள் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பனித் துரை வண்டியையும் ஓட்டுபவனையும் பார்ப்பார். ஓடவிட்டு, நிறுத்தச் சொல்லி, மறுபடி எடுக்கச் சொல்லிப் பார்ப்பாராம்.

வண்டி இருந்தது. உலக யுத்தத்துக்கு முந்திய கிழட்டு வண்டி. புது வண்டிகளில் கியரை வலது காலால் மாற்றவேண்டும். மடங்காத கணுக்காலுக்கு அது சரிவராது. இந்தக் கிழவனிலோ பெற்றோல் தாங்கியின் வலப்பக்கத்தில் ஒரு தடி நிற்கும். அதைக் கையால் முன்னுக்குத் தள்ளினால் ஒன்று, பின்னுக்கு இழுத்தால் இரண்டு, இன்னும் இழுத்தால் மூன்று. உதைத்து ஸ்டார்ட் பண்ண நிக்கலசால் முடியாது. தள்ளித்தான் கிளப்பவேண்டும். அதற்குத்தான் ஐறீனும் மகள் றோஸியும் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலைவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. செவ்வாய் பின்னேரம் மூன்றாவது கியர் நழுவத் தொடங்கியது.

"அம்மா, அப்பா விடியவே முத்தத்தில குந்தீட்டார்," என்றாள் றோஸி. பதினாறு வயது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"குந்தட்டும். நீ அரிசியைப் பார்."

ஐறீன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனாள். சிறு முற்றத்தில் சாக்கை விரித்து, ஒரு காலை நீட்டியபடி நிக்கலஸ் இருந்தான். தடியின் அடியையும் கீழே கியர்ப்பெட்டியையும் இணைக்கும் நீளமான இரும்புக் கம்பி அவன் மடியில் கிடந்தது.

"இதைப் பிடி," என்றான்.

பிடித்தாள். கம்பியின் ஒரு நுனியில் புரி வெட்டியிருந்தது. அதில் கவைபோல ஒரு முனை. கவையைச் சுற்றினால் கம்பி நீளும், மறுபக்கம் சுற்றினால் குறுகும். பிறகு நட்டை இறுக்கிவிடவேண்டும். மூன்று நாளில் ஐறீனும் இந்த வேலையில் பாதி படித்துவிட்டாள்.

"இண்டைக்கு என்ன செய்யப்போறியள்?"

"நேற்று ரெண்டு சுத்து நீட்டினனான். மூண்டு நிண்டுது, ஆனா ஒண்டு பாய்ஞ்சிட்டுது. இப்ப ஒரு சுத்துக் குறைச்சா, ரெண்டுக்கும் பொதுவா வருமோ எண்டு பாப்பம்."

பொதுவாக வரவில்லை. எட்டு மணிக்குத் தள்ளினார்கள். இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முனைவரை போய்த் திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே ஐறீனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றைச் சரிக்கட்டினால் ஒன்று கோபித்துக்கொள்கிறது. ஒன்றைச் சமாதானப்படுத்தினால் மூன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்டவன் நிலைமை.

மறுபடி கழற்றினான். மறுபடி பூட்டினான். ஒன்பதரைக்கு ஒரு தடவை தள்ளினார்கள். பத்தரைக்கு இன்னொரு தடவை. ஒழுங்கைக்காரர்கள் முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் புத்தி சொன்னார்கள், இன்றைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு நிலாம் வந்தான். பின் ஒழுங்கையில் இருப்பவன், கராஜ் ஒன்றில் மெக்கானிக். ஜும்ஆவுக்குப் போவதற்காகக் குளித்து வெள்ளைச் சாரம் உடுத்திருந்தான். ஆகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வண்டியைப் பார்த்தான்.

"ராடு சரியாத்தான் ஈக்குது நிக்கலஸ். பெட்டியிலயும் பிழை இல்ல."

"அப்ப என்ர கையிலயோ பிழை?"

"அப்படிச் செல்லல்ல. எங்கயோ ஒண்டு தடுக்குது. தடி முழு ஓட்டம் ஓடுதில்ல. நீங்க கீழயே பாக்கிறீங்க. மேல பாருங்க. தொழுதிட்டு நேரே கராஜுக்குப் போகோணும், இல்லாட்டி நானே கழட்டிப் பாத்திருப்பன்."

அவன் போய்விட்டான்.

மேலே பாருங்கள் என்றான். மேலே என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஐறீன் ஒருத்திக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனாள். மெழுகுதிரி கொளுத்தி, பதக்கம் ஒன்றை மந்திரித்து வாங்கிக்கொண்டு, ஒரு நேர்த்தியும் வைத்தாள்: இந்த மனுசன் வேலையோடு வீட்டுக்கு வரும்வரைக்கும் இதை அவிழ்க்கமாட்டேன். வைத்தது சரி. கட்டுவது எங்கே? ஏணியில் இருந்து விழுந்த அன்று நிக்கலசின் கழுத்தில் பதக்கம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அதை அறுத்து எறிந்துவிட்டு, "கால் வழுக்கின நேரம் உன்ர அந்தோனியார் எங்க போனவர்?" என்று கேட்டான். அன்றிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாராயத்தையும் அன்றே விட்டான் என்பது வேறு கதை. அதையும் அந்தோனியார் கணக்கில் போட அவன் சம்மதிக்கவில்லை.

ஆகவே அவன் கண்ணில் படாத இடமாகப் பார்த்தாள். பெற்றோல் தாங்கிக்கு உள்பக்கம், கியர்த் தடியின் அடி அசையும் இடத்தில், ஒருவரும் குனிந்து பார்க்காத ஒரு மூலை. எண்ணெய் படாமல் இருக்கக் கறுப்புத் துணியில் மூன்று மடிப்பாகச் சுற்றி, மெல்லிய கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். தைக்கத் தெரிந்த விரல்கள் அல்லவா, முடிச்சு வலுவாகவே விழுந்தது.

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த மூலையில்தான் தடியின் அடி வந்து முட்டும்.

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் கோயிலையே வெறுத்திருக்கும் மனிதனிடம், உன் மூன்று நாள் உழைப்பைக் கெடுத்தது என் பதக்கம்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? இன்னொன்றும் இருந்தது. நேர்த்தியை முறித்தால் வேலையும் முறியுமோ என்ற பயம். அவளுக்கு இரண்டு பயமும் ஒரே அளவாக இருந்தன.

"சாப்பிட வாங்கோ. சோறு ஆறுது."

"பசிக்கேல்லை."

"வெறும் வயித்தோட துரைக்கு முன்னால போய் நிக்கப்போறியளோ? கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

அவன் நொண்டிக்கொண்டு பைப்படிக்குப் போனான். றோஸி குசினியில் அடுப்போடு இருந்தாள். ஐறீன் தலைமயிரில் இருந்து ஊசியை உருவினாள். வண்டியின் அருகே முழந்தாளிட்டாள். பார்ப்பவர்கள் செபம் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். சொல்லவும் சொன்னாள். "அந்தோனியாரே, குறை நினைக்காதையும்," என்று முணுமுணுத்துக்கொண்டு கம்பியை நெம்பி, துணிப்பொட்டலத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

சோறும் பருப்பும் சுண்டலும். வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லாத நாள். நிக்கலஸ் நாலு வாய் தின்றான். எழும்பிப்போய்த் தடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். புருவம் உயர்ந்தது.

"ஐறீன், வா! தள்ளு!"

அவளும் றோஸியும் தள்ளினார்கள். வண்டி பாய்ந்தது. ஒழுங்கை முனையில் மூன்றாவது கியரின் சத்தம் கேட்டது. நழுவவில்லை. ஐறீன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முனையில் நின்று மறுபடி புறப்பட்டபோது கேட்டது வேறு சத்தம். முதலாவது கியர் பிடித்து, உதறி, நழுவி, இயந்திரம் சும்மா அலறியது. மறுபடி பிடித்தது. மறுபடி நழுவியது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். தடையை வைத்துக்கொண்டு மூன்று நாளாக நீட்டியும் குறைத்தும் வந்த கம்பி, இப்போது தடை இல்லாத வண்டிக்கு அளவு தவறி நின்றது. ஒன்று நிற்காவிட்டால் நின்ற இடத்தில் இருந்து எடுக்க முடியாது. துரை பார்க்கப் போவதே அதைத்தான்.

நிக்கலஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். மணி ஒன்று இருபது. இரண்டுக்காவது புறப்படவேண்டும். அவன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்தான்.

"கால்தான் போச்சு எண்டு நினைச்சன். என்ர கையும் போச்சு ஐறீன்."

அவள் அவனை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். குடித்துவிட்டுக் கத்தியிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியில் பல்லைக் கடித்திருக்கிறான். இப்படித் தன் கையைத் தானே அந்நியன் கைபோலப் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. இதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி நின்றால் தான் ஒரு மனுசியே இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"உங்கட கையில பிழை இல்லை," என்றாள். சட்டைக்குள் இருந்து பொட்டலத்தை எடுத்து அவன் விரித்த கையிலேயே வைத்தாள். "தடிக்குக் கீழ இதைக் கட்டினது நான். செவ்வாய்க்கிழமை. சாப்பிடக் கூப்பிட்ட நேரம் அவிழ்த்தனான்."

நிக்கலஸ் கறுப்புத் துணியை மெல்லப் பிரித்தான். உள்ளே அந்தோனியார் கசங்காமல் பளபளவென்று இருந்தார்.

அடி விழும் என்று அவள் நினைக்கவில்லை. அவன் கை நீட்டுகிறவன் அல்ல. ஆனால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும் ஒரு சத்தத்துக்கு ஆயத்தமாக நின்றாள். சத்தம் வரவில்லை. மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது, களைத்துப்போன சிரிப்பு.

"மூண்டு நாளா நான் அந்தோனியாரோடயே மல்லுக்கட்டி இருக்கிறன்."

பதக்கத்தைப் படியில் வைத்தான். நட்டுத் திருகும் சாவியை எடுத்தான். "றோஸி, மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு வா!"

கம்பியின் புரியைத் துடைத்தான். பழைய அளவு எங்கே என்று கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. வருசக்கணக்காக நட்டு இருந்த இடத்தில் துரு ஒரு கறுத்த வளையமாகப் படிந்திருந்தது. அந்த வளையம்வரை கவையைச் சுற்றினான். கவையைப் பூட்டும் ஆணி தானாகத் துளைக்குள் விழுந்தது. தட்டவும் இல்லை, நெம்பவும் இல்லை. நட்டை இறுக்கி, தடியை ஒன்றுக்கும் இரண்டுக்கும் மூன்றுக்குமாக ஓட்டினான். மூன்று இடத்திலும் 'டக்' என்று ஒரே கனமாக உட்கார்ந்தது. மூன்று நாளில் முடியாத வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

"என்ர வெள்ளைச் சேட் எங்க?"

ஐறீன் பதறிக்கொண்டு பின்னால் வந்தாள். "இருங்கோ, நான் எடுத்து..."

அவன் அதற்குள் அறைக்குள் போய்விட்டான். கொக்கியில் சேட் இல்லை. பெட்டியில் இருக்கும் என்று கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியை இழுத்தான். பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்குக்குள் பீங்கான் கோப்பைகள், சுவரில் இருந்த திருஇருதயப் படம், றோஸியின் புத்தகங்கள்.

அப்போதுதான் அவன் சுவரைப் பார்த்தான். படம் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. வண்டியைத் தவிர மூன்று நாளாக அவன் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

"அண்ணருக்குச் சொல்லி அனுப்பினனியோ?"

"ஓம்."

"எப்ப?"

"புதன்கிழமை. கியர் சரிவராது போல இருந்துது. அவர் இண்டைக்குப் பின்னேரம் மாட்டு வண்டிலோட வாறன் எண்டவர்."

இதற்கு அவன் சிரிக்கவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்து, சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது சொன்னான்.

"அந்தோனியாரை நம்பினாய். சரி. அண்ணரை நம்பினாய். அதுவும் சரி. என்னை மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்வரைக்கும் நம்ப ஏலாமப் போச்சு."

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் ஐறீன் அண்ணர் வீட்டு அந்தப் பின் அறையில் இருந்தவள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் நாளில் இருந்து றஞ்சிதம் அண்ணி பானையையும் விளக்குமாற்றையும் மெல்ல அவள் பக்கம் தள்ளிவிட்டாள். அந்த அறைக்குத் திரும்ப அவளுக்கு விருப்பமே இல்லை. அப்படி இருந்தும் புதன்கிழமை சொல்லி அனுப்பினாள். நம்பி நம்பிக் களைத்துவிட்டேன் என்று கணவனிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு மணிக்குத் தள்ளினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கை முனையில் ஒரு தடவை நிறுத்தினான். மறுபடி எடுத்தான். ஒன்று, இரண்டு, பிறகு மூன்று. ஐறீன் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டாள். எதுவும் நழுவவில்லை.

நாலு மணிக்கு வராதவன் ஐந்துக்கும் வரவில்லை. ஐந்தேகாலுக்குச் சவுந்தரநாயகம் வந்தார். வெள்ளைக் கோட்டும் குடையும். ஒழுங்கை வாசலில் மாட்டு வண்டில் நின்றது.

"ஆயத்தமோ தங்கச்சி? முதல்ல பெட்டியையும் சாக்கையும் ஏத்துவம். கட்டிலை நாளைக்குப் பாப்பம்."

"இருங்கோ அண்ணா. தேத்தண்ணி ஊத்துறன்."

"தேத்தண்ணி வேண்டாம். இருட்ட முந்திப் போகோணும். எங்க அவன்? வேலை கிடைச்சுதோ?"

"தெரியாது. இன்னும் வரேல்லை."

"மூண்டு மணிக்குத் துரையைப் பாக்கப் போனவன் ஐஞ்சு தாண்டியும் வரேல்லை எண்டா விளங்குதுதானே." அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் கொடுமை. அவர் நல்லவர். "றோஸி, சாக்கை எடு பிள்ளை."

றோஸி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

படியில் அந்தோனியார் பதக்கம் மத்தியானம் வைத்த இடத்திலேயே கிடந்தது. ஐறீன் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கதவு நிலையில் போய் நின்றாள். தடுக்க என்று நிற்கவில்லை. சாய்ந்துகொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது.

"அண்ணா, வண்டிலைத் திருப்பச் சொல்லுங்கோ. நாங்கள் வரேல்லை."

"என்ன விசர்க் கதை! வேலை கிடைச்சுதோ எண்டு தெரியாது எண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம். தெரியாது."

"தெரியாமல்?"

"தெரிஞ்ச பிறகு சொல்லுறதுக்கு நான் ஏன் அண்ணா? நம்புறன் எண்ட வார்த்தை அவருக்கு இப்பத்தான் வேணும்."

சவுந்தரநாயகம் குடையை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார். அவருக்கு விளங்கவில்லை. கோபம் வந்தது, கோபப்படவும் மனம் வரவில்லை. "பிறகு என்னட்ட அழுதுகொண்டு வராதை," என்றார். வண்டில் வெறுமையாகக் கடகடத்துக்கொண்டு போவது தெரு முழுக்கக் கேட்டது.

ஐறீன் சாக்கை அவிழ்த்தாள். திருஇருதயப் படத்தை றோஸி சுவரில் மாட்டினாள். ஐறீன் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ராக்கைத் தட்டில் வைக்கத் தொடங்கினாள். செய்தது சரியோ பிழையோ அவளுக்குத் தெரியவில்லை. களைப்பு மட்டும் காலையில் இருந்ததுபோல இல்லை. கொஞ்சம் இலேசான களைப்பு.

கோயில் மணி ஆறடித்தது. மணி ஓய்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. இயந்திரச் சத்தத்தில் ஆயிரம் இருக்கலாம். மூன்று நாள் தள்ளியவளுக்கு இது எது என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது கியரில் சீராக வந்துகொண்டிருந்தது.

"அப்பா!" என்று றோஸி வாசலுக்கு ஓடினாள்.

ஒழுங்கைக்குத் திரும்புவதென்றால் முனையில் இரண்டுக்கு இறக்கவேண்டும். ஐறீன் கையில் கோப்பையோடு காத்திருந்தாள். சத்தம் முனைக்கு வந்தது. இறங்கவில்லை. அதே மூன்றில், அதே வேகத்தில், ஒழுங்கையைத் தாண்டிக் கொச்சிக்கடைப் பக்கமாகப் போய்விட்டது.

றோஸி திரும்பி வந்தாள். "அம்மா, அப்பா நிக்காமப் போறார். கோயிலுக்கோ?"

அந்தோனியார் கோயிலும் அந்தப் பக்கம்தான். ஆறு மாதமாக அவன் மிதிக்காத சாராயத் தவறணையும் அந்தப் பக்கம்தான்.

"தெரியாது," என்றாள் ஐறீன். அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பிறகு கடைசிக் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, கயிறு அவிழ்ந்த பெட்டியைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.